முப்பத்தேழாம் எண் வீட்டுப் பச்சோந்தி

கலிபோர்னியாவில், லிவர்மோர் என்ற ஊரில் முப்பத்தேழாம் எண் வீட்டில் வளர்ந்த பச்சோந்தி நிறம் மாறாது. அதை எதில் வைக்கிறார்களோ அதுதான் நிறம் மாறும். இது பிடிபடுவதற்கு அந்த வீட்டாருக்கு மூன்று கூண்டுகளும் ஒரு முழுக் கோடைகாலமும் ஆயின.

வீட்டுக்காரன் திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரன். தினமும் விடியுமுன் கிளம்பி, மலையைத் தாண்டி குபெர்டினோவுக்குக் கார் ஓட்டிப் போய், பொழுது சாயத் திரும்புவான். கிரீன் கார்டு வரிசையில் பன்னிரண்டு வருடமாக நிற்பவன் என்பதால், தன் பெயர் எந்தக் காகிதத்திலும் தேவையில்லாமல் ஏறிவிடக் கூடாது என்பதில் அவனுக்குக் கவனம் அதிகம். மனைவி மரகதம் பக்கத்து ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தாள். அங்கே அவள் பெயர் மாரா. பூண்டு வாசம் யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதென்று ஒன்பது வருடமாக மதியச் சாப்பாட்டைப் பார்க்கிங்கில், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். மகள் வெண்பாவுக்குப் பதினோரு வயதானபோது, வேறு மாநிலத்துக்குக் குடிபோன தோழி ஒருத்தி தன் பச்சோந்தியை அவளிடம் விட்டுப் போனாள். மூக்கிலிருந்து வால் நுனிவரை மயில்கழுத்து நிறம். ஒரு கண் வாசலையும் இன்னொரு கண் அடுப்படியையும் ஒரே நேரத்தில் காவல் காப்பதைப் பார்த்து வெண்பா அதற்கு சேனாபதி என்று பெயர் வைத்தாள்.

முதலில் கராஜில் சும்மா கிடந்த மீன்தொட்டியில் விட்டார்கள். சேனாபதி கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, வேறு யாரோ வந்துவிட்டதாக எண்ணி, இரண்டு நாள் உடம்பை உப்பிக்கொண்டு சீறியது. மூன்றாம் நாள் காலை நான்கு பக்கக் கண்ணாடியும் மயில்கழுத்து நிறமாகி, உள்ளிருந்து எதுவும் தெரியாமல் போனது. மரகதம் வினிகர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அடுத்து வாங்கிய பறவைக் கூண்டின் கம்பிகள் நான்கு நாள் தாக்குப்பிடித்தன; சேனாபதியின் பாதங்கள் தாக்குப்பிடிக்கவில்லை, புண்ணாயின. அதன்பிறகு திருமூர்த்தி இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தான். பச்சோந்திக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம், மனிதர் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் அதற்கு நிம்மதி, காற்று ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போக வேண்டும், கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பிக்கூடப் பார்க்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும். இத்தனையும் தெரிந்துகொண்டு, நாலடி உயர வலைக்கூண்டு ஒன்றை வாங்கிப் பொருத்தி, உள்ளே தொட்டியோடு ஒரு செம்பருத்தியை வைத்து, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உயரமான ஸ்டூல்மேல் நிறுத்தினான். சேனாபதி நேராக உச்சிக்கு ஏறி அன்றிரவு நன்றாகத் தூங்கியது. மறுநாள் வலை நிறம் மாறியது. ஒரு வாரத்தில் செம்பருத்தியும், மாதக் கடைசிக்குள் சோபாவும், செப்டம்பரில் வெளிச்சுவரும், அக்டோபரில் கூரை ஓடுகளும்.

அந்தக் குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வெளிச்சுவருக்கு மணல், ஓட்ஸ், சாம்பல் என மூன்று நிறங்களை மட்டும் குடியிருப்போர் சங்கம் அனுமதித்திருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. முதல் கடிதம் வந்ததும் திருமூர்த்தி பெயின்டரை வரவழைத்தான். இரண்டாவது தடவை வந்தபோது, தான் பிரஷ்ஷைக் கழுவித் திரும்புவதற்குள் சுவர் பழையபடி ஆகியிருந்ததைப் பார்த்த பெயின்டர், ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலாக பத்மநாபன் அங்கிளே நேரில் வந்தார். சங்கக் கமிட்டியில் இருந்த ஒரே தமிழர், மயிலாப்பூர்க்காரர், வெள்ளை மீசை வைத்த ரிட்டையர்டு இன்ஜினியர். காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"முப்பது வருஷமா இங்க இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் பேர் தெரியாது. அதாம்மா சேஃப்டி. ஒரு இரும்புப் பெட்டில போட்டு கராஜ்ல வச்சுடுங்கோ, எல்லாம் சரியாயிடும்."

திருமூர்த்தி கராஜில் இருந்த டூல் அலமாரியைக் காலி செய்து, காற்றுக்குத் துளை போட்டு, உள்ளே ஒரு விளக்கு மாட்டி, சேனாபதியை அதில் வைத்துக் கதவைச் சாத்தினான். மூன்று நாளில் வீடு ஓட்ஸ் நிறத்துக்குத் திரும்பியது. சங்கத்திலிருந்து நன்றி சொல்லி ஈமெயில் வந்தது. ஐந்தாம் நாள் காலை வெண்பா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, ஹீ இஸ் நாட் ஈட்டிங். ஹீ இஸ் பீஜ்."

மரகதம் போய் அலமாரியைத் திறந்தாள். பட்டப்பகலில் சேனாபதி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தது. தீனிக்காக விட்ட சிள்வண்டுகள் அதன் முதுகின் மேலேயே நடந்துகொண்டிருந்தன. உடம்பு, சங்கத்தின் நிற அட்டையில் இரண்டாவது கட்டத்தில் இருக்கும் அதே ஓட்ஸ் நிறம். மரகதம் அதை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு போய், ஜன்னலோர வலைக்கூண்டில் விட்டு, செம்பருத்தி இலைகளின் மேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். அன்று அவள் ஆபீஸ் போகவில்லை. சாயங்காலம் திருமூர்த்தி வந்தபோதும் தெளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இனி இது பெட்டிக்குள்ள போகாதுங்க. இதுக்குத் தோதான கூண்டு இதுதான்னு நீங்கதான படிச்சுச் சொன்னீங்க?"

"லெட்டர் வருமே, மரகதம்."

"வரட்டுங்க. என் பேர்ல வரட்டும். முழுப் பேர்ல."

எட்டு நாளில் சேனாபதிக்கு நிறம் திரும்பியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கும். அதற்குள் மரகதம் ஆபீஸ் மைக்ரோவேவில் பூண்டுக் குழம்பைச் சூடுபண்ணி, எல்லோரும் சாப்பிடும் மேசையில் நடுவாக உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். ஒருவர் எழுந்து போனார். இருவர் அது என்னவென்று கேட்டார்கள்.

மரகதத்தின் முழுப் பெயருக்கே சங்கத்தின் கடிதம் வந்து, விசாரணை ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை கிளப்ஹவுஸில் நடந்தது. கமிட்டியில் ஒன்பது பேர். மரகதம் சேனாபதியைக் கூண்டோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். தலைவியாக இருந்த அம்மாள் விலங்கை வெளியே கொண்டுபோகும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விசாரணையே இதைப் பற்றித்தான், அதனால் இது இங்கேதான் இருக்கும் என்று மரகதம் சொன்னாள். அவள் இங்கிலீஷ் அதுவரை அவ்வளவு சத்தமாக வெளியே வந்ததில்லை. வேறு நிறம் அடிக்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது, எங்கள் வீட்டில் யாரும் எந்த நிறமும் அடிக்கவில்லை என்று வாதாடினாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. முதல் மணி நேரத்தில் மேசை மயில்கழுத்து நிறமானது. இரண்டாவதில் சுவர்களும் காபிக் கோப்பைகளும். ஓட்டெடுப்புக்குச் சற்று முன்பு பத்மநாபன் அங்கிளின் மீசை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் எழுந்து பாத்ரூம் கண்ணாடியில் பார்த்துவிட்டு வரப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்து, மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, "நன்னாத்தான் இருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு, மரகதம் பக்கம் கையைத் தூக்கினார். ஐந்துக்கு நான்கு.

அந்த மாதமே சங்கத்தின் பட்டியலில் நான்காவதாக ஒரு நிறம் சேர்ந்தது. என்ன பெயர் போடுவதென்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். கிளப்ஹவுஸை யாரும் திருப்பிப் பெயின்ட் அடிக்கவில்லை. ஊரிலுள்ள இந்துக் கோயிலுக்கு வருகிறவர்கள் போகிற வழியில் அந்தத் தெருவுக்குள் காரைத் திருப்பி, ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் பழகிப்போய், நிறுத்தாமலே போனார்கள்.

மார்ச்சில் திருமூர்த்தியின் வெள்ளி நிறக் காரும் நிறம் மாறியது. ஒரு வாரம் அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திப் பார்த்தான். பிறகு அலுத்துப்போய் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டு, புது பார்க்கிங் ஸ்டிக்கர் வாங்க சங்க ஆபீசுக்குப் போனான். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே காரின் நிறம் கேட்டாள். நீலம் என்றான். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அது நீலம் இல்லையே என்றாள். பச்சை என்றான். பச்சையும் இல்லை என்றாள்.

"மயில்கழுத்து," என்றான் திருமூர்த்தி.

ஸ்பெல்லிங் கேட்டாள். அவன் இரண்டு கைகளையும் கவுன்டர்மேல் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொன்னான். அவள் டைப் செய்துகொண்டாள்.