நூற்றெட்டுக்கு அப்புறம்

ஆண்டிலேயே நீண்ட பகல் வரும் நாளில் நூற்றெட்டு சூரிய நமஸ்காரம் செய்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு நன்றி சொல்வது அந்த யோகா வகுப்பின் வழக்கம். சலவைக்கடைக்கு மேல்மாடியில் பதினாறு வருடமாக நடக்கிறது. ஆசனம் காட்டுவது டீச்சர். எண்ணுவது அவள் கணவர், எல்லோருக்கும் மாஸ்டர். பாயில் சுருண்டு விழுந்தவனைக்கூட எழுப்பி நிறுத்தும் குரல் அவருக்கு.

அந்தக் குரல்தான் எட்டு மாதம் முன்பு போயிற்று. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து அப்படியே சரிந்தார். கால் தேறியது, வலது கை பாதி தேறியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "அது... அது..." என்று திணறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் வீட்டோடு அடைந்துவிட்டார்.

ஒரு நாள் டீச்சர் அவருடைய மாத்திரைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு" என்றாள். "மூணு, நாலு, அஞ்சு" என்று பின்னாலிருந்து வந்தது. அதே பழைய குரல். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் ஓடினாள்.

"எண்ணறது பேச்சு மாதிரி இல்லம்மா, அது தானா ஓடும்," என்றாள் அந்தப் பெண். "ஆனா ஓட ஆரம்பிச்சா அவரால நிறுத்த முடியுதான்னு பாக்கணும். அவசரப்படாம..."

டீச்சரின் காதில் "ஓடும்" வரைக்கும்தான் விழுந்தது. நல்ல சேதி கேட்டவர்கள் மிச்சத்தை எங்கே கேட்கிறார்கள்? வீட்டில் இருபது வரை எண்ணவைத்துப் பார்த்தாள். தோளைத் தொட்டு "போதும்" என்றால் நின்றார். வேறென்ன வேண்டும்! நீண்ட பகல் நாளில் நூற்றெட்டும் எண்ணிவிட்டால் மறுநாளிலிருந்து தானே படியேறி வருவார், பழைய மனிதராகிவிடுவார் என்று முடிவே கட்டிவிட்டாள். அன்று அவரும் இடது கையால் முகம் மழித்துக்கொண்டு, மோவாயில் இரண்டு கீறலோடு வகுப்பில் வந்து நின்றார்.

"ஒண்ணு," என்றார் மாஸ்டர்.

முன்வரிசைத் தையல்காரர் குனிந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பதில் வெயில் ஜன்னல் தாண்டிப் பாய்களில் ஏறியது. எண்பதில் தையல்காரரின் தொப்பை தரையைவிட்டு எழ மறுத்தது. டீச்சருக்கோ உடம்பில் வலியே தெரியவில்லை.

"நூத்தி எட்டு," என்றார். "நூத்தி ஒம்பது."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் போய் அவர் தோளைத் தொட்டாள். "போதும்ங்க."

"நூத்திப் பத்து."

"போதும்ங்க, முடிஞ்சுடுச்சு."

"நூத்திப் பதினொண்ணு."

"எட்டு மாசம் நாம டிமிக்கி குடுத்ததுக்குத் தண்டனைப்பா!" என்று கத்தினார் தையல்காரர். "குனிங்க, குனிங்க!"

எல்லோரும் உற்சாகமாகக் குனிந்தார்கள். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிளில் போகிறவனின் கண்கள். இது விளையாட்டில்லை, இவரால் நிறுத்த முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இத்தனை பேர் நடுவில் அவர் என்ன ஆவார்? அவளும் தன் பாய்க்குத் திரும்பிக் குனிந்தாள். தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

நூற்று நாற்பதில் எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்து வட்டமானார்கள். டீச்சர் மாஸ்டரைத் தன் அருகில் உட்காரவைத்தாள். அவர் எண்ணுவது முணுமுணுப்பாகத் தணிந்திருந்தது, நிற்கவில்லை.

"எங்க மாஸ்டரைத் திருப்பிக் குடுத்ததுக்கு நன்றி," என்றாள் மருந்துக்கடை அக்கா. ஒரே கைதட்டல்.

அந்தச் சத்தத்தில் மாஸ்டரின் இடது கை டீச்சரின் கையைத் தேடிப் பிடித்தது. தூக்கித் தன் வாயின்மேல் வைத்து அழுத்திக்கொண்டது.

"அடேயப்பா, இந்த வயசுலயும் பாருங்க!" என்றார் தையல்காரர். கூடமே சிரித்தது.

"டீச்சர், உங்க முறை. சொல்லுங்க."

அவளுடைய உள்ளங்கையில் அவர் உதடுகள் சூடாக அசைந்துகொண்டிருந்தன. நூற்று அறுபது தாண்டியிருக்கும். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பொத்தினாள்.

"நன்றி," என்றாள்.