எட்டுப் பேர் வெட்டிய கிணறு

பள்ளிக்கு ஆய்வாளர் வருகிறார் என்றதும் நான் சேலத்துக்குப் போய் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தேன். வட்டத்துக்குள் 'நன்று'. மூன்று வகுப்பு, நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், தலைக்கு நாலு நோட்டு. எல்லாவற்றையும் படித்துத் திருத்த நான் என்ன இயந்திரமா? என் மனைவி கண்ணம்மாள் பக்கத்தைத் திறக்க, நான் குத்த, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. ஆய்வாளர் மெச்சிவிட்டுப் போனார். பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறோம் என்று எனக்கும் பெருமைதான். அதன்பின் இரண்டு வருடம் அந்த முத்திரையை நான் கீழே வைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்க பஸ் ஏறி பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போக வேண்டும். 1969 மே மாதம், எட்டு முடித்த ராஜமேரியின் படிப்பை அவள் அப்பா சவரிராயன் நிறுத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஆளனுப்பினேன். கிணறு வெட்டும் கூலி வேலை அவருக்கு. மனைவி ஞானமேரி கூடவே போய் மண் சுமப்பாள். அவர் அக்குளில் இரண்டு நோட்டுகளை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"பொண்ணு நல்லா படிக்கிறாளுங்களா சார்?"

"நல்ல பொண்ணுங்க. நல்லா படிக்குது."

அவர் நோட்டுகளை மேசையில் விரித்தார். ஒன்று ராஜமேரியுடையது, மற்றது பக்கத்து வீட்டு முனிராஜுடையது.

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. இந்த முத்திர தெரியுது. ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்குது. முனிராசு பாதி நாளு பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்ல, மாங்கா அடிச்சிக்கிட்டுத் திரியறான். அவனும் நல்லா படிக்கிறான்னுதான் அவங்கப்பன்கிட்ட சொன்னீங்களாம். எம்மவ நெசமாவே படிக்கிறவளா இருந்தா அனுப்பறேன். இல்லைன்னா அவங்கம்மா இடுப்பு வலியில கெடக்கிறா, கூடைக்கு ஆளு வேணும். எதுல நல்லா படிக்கிறா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு வருட வாத்தியாரை இப்படியா கேட்பது? யோசித்துப் பார்த்தேன். ராஜமேரி மூன்றாவது வரிசை, சத்தம் போடாத பெண். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"அவ நோட்டு இருக்கட்டுங்க. நாளைக்கு வூட்டுக்கே வந்து சொல்றேன்" என்றேன்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த நோட்டைப் படித்தேன். கையெழுத்து சுமார். பிழைகள் உண்டு. தேசப்படத்தில் காவிரி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நல்லதாக ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் அந்தக் கணக்கு வந்தது. எட்டு ஆட்கள் ஒரு கிணற்றைப் பன்னிரண்டு நாளில் வெட்டுவார்கள்; மூன்று நாள் கழித்து இரண்டு பேர் நின்றுவிட்டால் மொத்தம் எத்தனை நாளாகும்? புத்தகத்தின் விடைப் பக்கத்தில் பதினாறு. நானும் வருடாவருடம் அதையே கரும்பலகையில் எழுதிவந்தேன். அவளும் பதினாறு என்று எழுதிவிட்டு, கீழே பொடி எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'எனக்குப் பதினைந்துதான் வருகிறது. மூன்று தடவை போட்டேன். எது சரி ஐயா?' அந்தக் கேள்வியின் மேலேயே நான் குத்தியிருந்தேன்.

போட்டுப் பார்த்தேன். பதினைந்து. மறுபடியும் போட்டேன். பதினைந்தேதான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பிள்ளைகளைத் திட்டுகிறவன் நான். கழுதை யார் என்று இப்போது தெரிந்தது.

மறுநாள் காலையில் போனபோது சவரிராயன் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கணக்கைச் சொன்னேன். அவர் விரலை மடக்கினார்.

"மொத மூணு நாளு எட்டுப் பேரும் இருந்தாங்கல்ல? அப்ப மிச்சம் எட்டுப் பேருக்கு ஒம்பது நாளு வேல. அத ஆறு பேரு செஞ்சா பன்னண்டு நாளு. மூணும் பன்னண்டும் பதினஞ்சு. இதுல என்னாங்க இருக்குது?"

"புத்தகத்துல பதினாறுன்னு தப்பா போட்டிருக்குதுங்க. நானும் பதினாறுன்னுதான் சொல்லிக் குடுத்தேன். வகுப்புல எல்லாரும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் நம்பாம தானே போட்டுப் பாத்திருக்குது. எழுத்து சுமார்தாங்க, பூகோளம் சுத்தமா வரல. ஆனா கணக்குல இப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல."

"வாத்தியாருக்கே தெரியாததா?"

"ஆமாங்க. எனக்குத் தெரியல."

சவரிராயன் சுவரோரம் சாய்ந்திருந்த ஞானமேரியைப் பார்த்தார்.

"கூடைக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள் அவள்.

நான் கொண்டுபோயிருந்த உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்தில் அவர் கைநாட்டு வைத்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ராஜமேரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நீ போட்டதுதாம்மா சரி. பதினஞ்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

"தை மாசமே எழுதுனேன் சார். நீங்க பாத்துட்டுச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நோட்டு திரும்பி வந்துச்சு, பதில் இல்ல. நாந்தான் தப்பு போலன்னு அதுக்கப்புறம் போட்டுப் பாக்கறதையே வுட்டுட்டேன்."