எடைக்கல்லின் சம்மதம்

போன் அடித்ததும் கியானாவின் கண் முதலில் போனது மாடிப்படிக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டிக்குத்தான். பிப்ரவரி மாதம். கூடைப்பந்து லீக்கில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள இன்று மதியம் இரண்டு மணியோடு கெடு முடிகிறது. அந்தப் பெட்டி நான்கு ஊர் பார்த்தது. ஒரு ஊர் டேப்பின் மேல் அடுத்த ஊர் டேப். மில்வாக்கிக்கு வந்து ஒரு வருடமாகியும் அவள் அதைப் பிரிக்கவில்லை.

அவள் கணவன் மார்விஸ் டாகெட் கூடைப்பந்து நன்றாகவே ஆடுவான். ஆனால் அவன் ஆட்டத்துக்காக யாரும் அவனைக் கேட்டு வாங்கியதில்லை. சம்பள வரம்பைத் தாண்டிய அணி ஒரு பெரிய ஆட்டக்காரனை எடுத்தால், கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்கு ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பியாக வேண்டும். தராசு சாயும்போதெல்லாம் மார்விஸைத் தூக்கி வைப்பார்கள். பாவம், எடைக்கல் பிழைப்பு. மகள் இமானிக்கு இது நான்காவது பள்ளிக்கூடம். இங்கேதான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

போன கோடையில் வேறோர் அணி மூன்று வருட ஒப்பந்தம் நீட்டியது. அதை விட்டுவிட்டு மார்விஸ் இங்கேயே ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். வலிய வந்த சீதேவியை எட்டி உதைத்தவனோடு கியானா ஒரு வாரம் பேசவில்லை.

மார்விஸ் போனை ஸ்பீக்கரில் போட்டான். அணியின் மேலாளர் ஹால்பர்ன்.

"பெட்டியக் கட்டுப்பா. சாக்ரமென்டோ டீமுக்கு. நல்ல வெயில் ஊரு."

"பதிலுக்கு யாரு சார் வர்றது?"

"பெரிய கை. ஊரே கொண்டாடும். உன் சம்பளத்தையும் சேத்தாத்தான் கணக்கு நேராகுது."

"அப்ப நேராகாது சார். நான் போகல."

ஹால்பர்ன் சிரித்தார். "உன்னக் கேக்கலப்பா, சொல்றேன்."

"கேக்கணும் சார். இதே டீம்ல மறுபடி ஒரு வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம். இப்ப மாத்திவிட்டா, அடுத்த வருஷம் சம்பள வரம்பு தாண்டியும் என்ன வச்சுக்கிற சலுகை புது டீமுக்கு இருக்காது, நஷ்டம் எனக்கு. அதனால என் சம்மதம் வேணும். விதி அப்படி. உங்க வக்கீலக் கேளுங்க."

மறுமுனையில் யாரோ யாரையோ அதட்டும் சத்தம். லைன் அறுந்தது.

"இதுக்காகவா அந்தக் கையெழுத்து?" என்றாள் கியானா.

"அன்னிக்கே சொன்னேன். 'மூணு வருஷம் போச்சே'ன்னு நீ கத்தினதுல எங்க கேட்டுது?"

"இன்னும் சத்தமா சொல்லித் தொலச்சிருக்கலாம்ல, மகராசா!"

கெடுவுக்குக் கொஞ்சம் முன்பு மறுபடி போன். "மிஸ்டர் டாகெட்," என்றது ஹால்பர்னின் குரல், தேன் தடவி. இத்தனை நாளில் முதல் மிஸ்டர். "வீட்ல ஒரு வார்த்த கலந்துக்குங்களேன்."

மார்விஸ் போனை அவள் பக்கம் நீட்டினான். நான்கு ஊரிலும் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"கலந்தாச்சு சார். சாயங்காலம் மேட்சுக்கு வந்துடுவாரு. இங்கதான்."

மணி இரண்டைத் தாண்டியது. டிவியில் ஓடிய பெயர்களில் டாகெட் இல்லை.

"அந்தப் பெரிய கை வரலன்னு இன்னிக்கு மொத்த அரங்கமும் என்னத் திட்டும், கியா."

"திட்டட்டுமே. நான் ஒருத்தி எழுந்து நின்னு விசிலடிக்கிறேன்."

அவள் சமையலறைக் கத்தியை எடுத்து வந்து டேப்பைக் கிழித்தாள். நான்கு ஊரும் ஒரே கீறலில் பிளந்தன. உள்ளே, கல்யாணத்துக்கு வந்த, வாஃபிள் பலகாரம் சுடும் கருவி, பழைய செய்தித்தாளில் சுற்றியபடியே.

பள்ளி விட்டு வந்த இமானி வாசலில் ஒரு பூட்ஸைக் கழற்றியவள், கூடத்து நடுவில் பெட்டியைக் கண்டு அப்படியே நின்றாள். முகம் சுருங்கிவிட்டது.

"இப்ப எந்த ஊரும்மா?"

கியானா பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. சமையலறையில் மார்விஸ் சூடான கருவியில் மாவை ஊற்ற, அது சொய்யென்றது.