கவனமாகக் கட்டப்பட்டது, ஆனால்

வீடு, கடை மாற்றிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் கண்ணாடி கட்டுவதற்கு முடிச்சை விட்டால் ஆள் கிடையாது. முடிச்சு என்பது அவனுடைய பட்டப்பெயர். அவன் போட்ட கட்டைக் கத்தி இல்லாமல் பிரிக்க முடியாது என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்தது. அப்பேர்ப்பட்டவன் கட்டிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று போய்ச் சேர்ந்த இடத்தில் விரிசலோடு வெளியே வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய அழகு நிலையத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டி இப்போது கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்றது.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முடிச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எப்படி விரிந்தது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடியின் நான்கு மூலைக்கும் மடித்த அட்டையைக் குல்லா மாதிரி மாட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் இறக்க வேண்டும். அன்று மூன்று மூலைக்கு மாட்டி முடித்தபோது அட்டை தீர்ந்துவிட்டது. எடுக்க மாடிக்குப் போக வேண்டும். வாசலில் அவன் மனைவி ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலப் பரீட்சை. "சீக்கிரம் வாங்க, கதவைச் சாத்திடுவாங்க" என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள். முடிச்சு ஒரு கிழிசல் போர்வைத் துண்டை நான்காவது மூலையில் திணித்து, பெட்டியை மூடி, பைக்கைக் கிளப்பினான். ஒரு மூலைதானே என்று நினைத்தான். கண்ணாடிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா என்ன?

மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. புகார்களுக்குப் பதில் எழுதுவது. வாடிக்கையாளர்கள் பல பாஷைக்காரர்கள் என்பதால் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். அவள் வருவதற்கு முன்பு போன பதில்களைப் படித்தால் மன்னிப்புக் கேட்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று பிடிபடாது. அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கிய வகையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "சோபா வாஸ் நீட்லி ராப்ட், பட் இட் வாஸ் ராங்லி லேபிள்ட்." சோபா நேர்த்தியாகச் சுற்றப்பட்டது, ஆனால் தவறாகச் சீட்டு ஒட்டப்பட்டது. முன்பாதியில் முதுகைத் தட்டிக்கொடுத்து, பின்பாதியில் காதைத் திருகும் வேலை. அப்படி எழுத ஆரம்பித்த பிறகு, திட்டிக்கொண்டு வந்த வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. "துணி சுத்தமா துவைக்கப்பட்டது, ஆனா கன்னாபின்னான்னு மடிக்கப்பட்டது" என்பாள். மடித்தவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

"யாருன்னு சொல்லிட்டுத் திட்டேன்."

"சொல்லாமலே உறைக்குதுல்ல? அதான் இதுல இருக்கிற சௌகரியம்."

முடிச்சுக்கு ஆங்கிலம் பெட்டியின் மேல் ஒட்டும் 'திஸ் சைட் அப்' வரைக்கும்தான். ஆனாலும் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. 'கவனமாக' என்றாலும் சரி, 'அலட்சியமாக' என்றாலும் சரி, கண்ணால் பார்க்காமல் அந்தச் சொல்லைப் போடமாட்டாள். அந்த சோபாவுக்கும் மாடி ஆபீஸிலிருந்து படியிறங்கி வந்தாள். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்த பிறகுதான் 'நீட்லி' போட்டாள். "கட்டினாங்க, தூக்கினாங்கன்னு யார் வேணா எழுதலாம். எப்படின்னு எழுதுறதுல ஒருத்தர் பிழைப்பு இருக்கு" என்பாள். கிடங்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்தாலும், அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து நின்றார்கள். தன் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் அந்த மரியாதையில் முடிச்சுக்கு உள்ளூர ஒரே பெருமை.

இன்றைக்கு முதலாளியம்மாவே கிடங்குக்கு இறங்கி வந்துவிட்டார். வண்டி ஓட்டிப் போய்க் கண்ணாடியை இறக்கிய டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவன் வேலைக்குப் புதிது. நிதானமாக ஓட்டுவான் என்பதால் எல்லோரும் அவனை ஆமை என்பார்கள். பெண்டாட்டி பிள்ளையை இந்த ஊருக்கு அழைத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சேர்க்கும்போதே சொன்னேன். ஏதாவது உடைஞ்சா நீ கிளம்ப வேண்டியதுதான்னு."

"பூ மாதிரிதாம்மா இறக்கினேன்" என்றான் ஆமை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முடிச்சு கட்டினது என்னைக்காவது உடைஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, முதலாளியம்மா தன் கூடவே இறங்கி வந்திருந்த முடிச்சின் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ எழுதிடும்மா. கவனமா கட்டப்பட்டது, ஆனா அலட்சியமா இறக்கப்பட்டது. உனக்குத்தான் இது தண்ணிபட்ட பாடாச்சே. அந்தக் கடுதாசி கையில வந்ததும் இவன் கணக்கை முடிச்சிடலாம்."

முடிச்சு வாயைத் திறந்தான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவன் கைவேலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவியும் ஆட்டினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பார்த்துட்டு எழுதுறேம்மா" என்றாள் அவள்.

பெட்டியருகே குந்தி உட்கார்ந்தாள். முதலில் அடிப்பக்க விளிம்புகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். தடாலென்று இறக்கியிருந்தால் நசுங்கியிருக்கும்; ஓரிடத்திலும் நசுங்கல் இல்லை. பிறகு மூடியைத் திறந்தாள். ஒரு குல்லா, இரண்டு, மூன்று. நான்காவது மூலையில் அவள் விரல் போர்வைத் துண்டில் போய் நின்றது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் கட்டிய தேதியைப் படித்தாள். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

முடிச்சு படிக்கட்டின் கீழே நின்றான். தனக்காக அவள் ஒரு பொய்யை எழுதிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எழுதாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது. இரண்டாவது பயம் வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாகிவிட்டது. தடதடவென்று மேலே ஏறினான்.

"ஆமை மேல தப்பில்ல. நாலாவது மூலைக்கு அட்டை போடாம விட்டது நான்."

"தெரியும்" என்றாள் அவள், தட்டச்சு செய்வதை நிறுத்தாமல். திரையை அவன் பக்கம் திருப்பித் தமிழில் சொன்னாள். "கண்ணாடி மென்மையாக இறக்கப்பட்டது, ஆனால் அவசரமாகக் கட்டப்பட்டது."

முடிச்சு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளை முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் தோன்றியது.

"யாருன்னு போடலையே?"

"வாடிக்கையாளருக்கு அது தேவையில்ல. கீழே கேப்பாங்க."

"அதை நானே சொல்லிக்கிறேன்."

கடிதத்தைப் படித்த முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவசரமாவா? முடிச்சா?"

"நான்தாம்மா. ஒரு மூலையை விட்டுட்டேன்."

"இத்தனை வருஷமா இல்லாத அவசரம் அன்னிக்கு மட்டும் என்னய்யா?"

பரீட்சை என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று மாடிப்படியிலேயே முடிவு செய்துகொண்டுதான் முடிச்சு இறங்கியிருந்தான். "சும்மா, சொந்த வேலை ஒண்ணு" என்று இழுத்தான்.

"அவசரப்படுத்தினது நான்தாம்மா" என்றாள் மனைவி. "எனக்குப் பரீட்சைக்கு நேரமாச்சுன்னு வாசல்ல நின்னு கத்தினேன். இவர் வேலையில இருக்கார்னு தெரிஞ்சேதான் கத்தினேன்."

முதலாளியம்மா கடிதத்தை இன்னொரு முறை படித்தார். அவருக்குக் கோபம்தான். ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம்.

"சரி, இது இப்படியே போகட்டும்" என்றார் கடைசியில். "முடிச்சு, நீ ஒரு மாசம் கண்ணாடிப் பக்கமே போகக்கூடாது. இவனோட வண்டியில ஏறி இறக்குற வேலையைப் பாரு." ஆமையிடம் ஒன்றும் சொல்லாமல், போகிற போக்கில் அவன் தோளை மட்டும் தட்டிவிட்டுப் போனார்.

ஆமை நின்ற இடத்திலேயே நின்றான். வேலை போகவில்லை என்பது வரைக்கும் அவனுக்குப் புரிந்திருந்தது. மெதுவாக முடிச்சின் மனைவியிடம் வந்தான்.

"அக்கா, அந்தக் கடுதாசியில என்னைப் பத்தி இங்கிலீஷ்ல என்னன்னு போட்டிருக்கீங்க?"

"ஜென்ட்லின்னு போட்டிருக்கேன். நீ மென்மையா இறக்கினதா அர்த்தம்."

அவன் அந்தச் சொல்லை இரண்டு தரம் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தான்.

"அதை ஒரு துண்டுத்தாள்ல எழுதிக் கொடுங்கக்கா" என்றான். "வீட்ல காட்டணும்."