உடம்பில் கோளாறு இல்லை

ஓதேலுவுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் மௌனிகா. நிலக்கரிச் சுரங்கத்தின் மனிதவளப் பிரிவில் இப்படிப்பட்ட வேலையெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும்.

"நல்ல சேதிதான் பெரியப்பா..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"விடிய விடிய இருமுறாரே! அந்த டாக்டருங்க காதுல பஞ்சா வச்சிருந்தாங்க?" என்றாள் அவர் மனைவி ராஜவ்வ.

"விடுடி. எமனே வந்தாலும் என்னைப் பார்த்து ஃபிட்டுன்னு எழுதிட்டுப் போயிடுவான் போல."

சுரங்கத்தில் இறங்க லாயக்கில்லை என்று குழு எழுதியிருந்தால் அவர் வேலை மகன் சாகருக்குப் போயிருக்கும். அதை நம்பித்தான் பெண் வீட்டார் நிச்சயம் செய்திருந்தார்கள். அடுத்த மாதம் ஓதேலு வயது வரம்பைத் தாண்டிவிடுவார். இன்னொரு தடவை குழுவின் முன்னால் போய் நிற்க முடியாது.

ராஜவ்வ வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். ஓதேலு நகரவில்லை. பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல் பிட்டா என்று கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிட்டா, கீழ எனக்கு ஏதாவது ஆகிப்போச்சுன்னா? அப்ப சாகருக்குக் கிடைக்குமில்ல?"

கிடைக்கும். சுரங்கத்துக்குள் கூரை சரிந்து அப்பா செத்தபோது மௌனிகா வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நாற்காலிக்கு அவள் வந்ததே வேலையில் செத்தவரின் பிள்ளைக்கு வேலை என்ற அந்த விதிப்படிதான்.

"கிடைக்காது பெரியப்பா. அதெல்லாம் மாத்திட்டாங்க."

"உனக்குப் பொய் சொல்ல வரல. உங்கப்பனும் இங்க நின்னு இதைத்தான் கேட்டான். நானும் கூட இருந்தேன். அப்ப இருந்த கிளார்க்கு மறைக்காம சொன்னாரு."

கூரைக்கு முட்டுக் கொடுக்காத இடத்துக்கு அப்பா ஏன் போனார் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"இதை எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"நீ நல்லாத்தான இருக்க? அம்மாவையும் பார்த்துக்கிற."

குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே மெச்சித்தான் சொன்னார். சங்கு ஊதியதும் விளக்கறைப் பக்கம் நடந்தார்.

தலைவிளக்கு இல்லாமல் யாரும் கீழே இறங்க முடியாது. மௌனிகா விளக்கறைக்கு ஃபோன் செய்து அவருக்கு விளக்குக் கொடுக்க வேண்டாம் என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை. உடனே மேலாளர் ஃபோனில் கூப்பிட்டார்.

"ஓதேலுவை எதுக்கும்மா நிறுத்தின?"

உள்ளதைச் சொன்னால் வேண்டுமென்றே சாகப் பார்த்தார் என்று எழுதிவிடுவார்கள். பிறகு சாகருக்கு எதுவுமே கிடைக்காது.

"மயக்கம் வருதுன்னாரு சார். கீழ விழப் பார்த்தாரு."

"இப்பத்தான ஃபிட்டுன்னு வந்துச்சு? எல்லாம் நடிப்பு. இவன் ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு ஊரே மயங்கி விழும். லைட்டைக் குடுக்கச் சொல்லிட்டேன்."

மௌனிகா படிக்கு ஓடினாள்.

"பெரியம்மா, எழுந்திருங்க. அவரை இறங்க விடாதீங்க. உயிரை விடப் போறாரு. சாகருக்கு வேலை வரணும்னு..."

ராஜவ்வ விளக்கறைப் பக்கம் பார்த்தாள். எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். ஊன்றிய கை அப்படியே நின்றது.

"கிடைக்கும்னு நீ சொன்னியா பிட்டா?"