தெசார் வீடு

கோஸ்யாக் அருவிக்குப் போகும் வழியில், தொங்குபாலத்தின் நடுவில் நின்று கீழே பச்சையாக ஓடும் சோச்சா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அர்ஜென்டினாக்காரி நெலிதா, சும்மா ஊர் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். "எங்க பூர்வீக வீட்டுக்குத் தெசார் வீடுன்னு பேரு. போட்லாஸ்ங்கிற ஊரு. உங்களுக்குத் தெரியுமா?" சிரில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். அது முன்பே மூடித்தான் இருந்தது. ஸ்லோவேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டியே தலை நரைத்தவன் அவன். யாரும் கேட்காத கேள்விக்குக்கூட அவனிடம் பதில் இருக்கும். இப்போது, "அந்தப் பக்கம் நிறைய ஊர் இருக்குங்க, பாப்போம்" என்று மட்டும் சொன்னான். போட்லாஸில் தெசார் வீடு ஒன்றே ஒன்றுதான். அன்று காலை அந்த வீட்டு அடுக்களையில் காப்பி குடித்துவிட்டுத்தான் அவன் கிளம்பி வந்திருந்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் குடும்பப் பெயர் என்பது சர்க்காருக்காக வைத்துக்கொள்வது. ஊர் வாயில் வீட்டின் பெயர்தான் மனுஷனின் பெயர். வீடு கைமாறினாலும் பெயர் மாறாது. யார் குடிவந்தாலும் அதை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தெசார் என்றால் தச்சன். சிரிலை ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலைத்தான் அடித்துக்கொள்வான். அதனால் என்ன, பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் மதுக்கடையிலும் அவன் தெசார்தான். அவனுடைய நிஜமான குடும்பப் பெயர் குரின்சிச் என்பது அவன் மனைவி தனிலாவுக்கே கல்யாணப் பதிவின்போதுதான் தெரிந்தது.

வீடு எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். முதல் உலகப்போர் முடிந்து இத்தாலிக்காரன் ஆண்ட காலம். வரி கட்ட முடியாத அன்றைய தெசார் குடும்பத்தை அந்த வீட்டிலிருந்து இறக்கிவிட்டு ஏலம் போட்டார்கள். யாரும் கேட்கக் கூடாது என்று ஊரே கூடிப் பேசி வைத்திருந்தது. சொன்னபடியே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மலைக்கு அந்தப் புறமிருந்து வந்த சிரிலின் தாத்தாதான் கையைத் தூக்கினார். பாதி விலைக்குக்கூடக் காணாத தொகை. இறங்கிய குடும்பம் கப்பலேறி அர்ஜென்டினா போனது. ஊர் அவரோடு சண்டை போடவில்லை. அவரையும் தெசார் என்று கூப்பிட ஆரம்பித்தது, அவ்வளவுதான். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

அன்று பகல் முழுக்க சிரில் அவளைப் போட்லாஸைத் தவிர எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனான். நெப்போலியன் பாலம், இத்தாலியச் சிப்பாய்களின் எலும்புகளை அடுக்கிவைத்த குன்று, கோபரித் ஊரின் போர் அருங்காட்சியகம், புல் மூடிய பதுங்குகுழிகள் என்று ஒன்று விடவில்லை. தொண்டை கட்டும்வரை பேசினான். முதல் போரின் கதை முடிந்ததும் ஒரே தாவலாக இரண்டாம் போருக்குத் தாவி, காட்டுக்குள் இருந்து ஜெர்மன்காரனோடு சண்டை போட்ட பையன்களிடம் போய்ச் சேர்ந்தான்.

நெலிதா சிரித்தாள். "நடுவுல இருபது வருஷத்த முழுங்கிட்டீங்களே. எங்க தாத்தா அதுக்குள்ளதான இருக்காரு."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வால்நட் பூரணம் வைத்த ஷ்த்ருக்லி கொழுக்கட்டை வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, தன் ஊரான ரொசாரியோவில் அவள் அம்மா செய்தது இதைவிட நன்றாக இருக்கும் என்றாள், கொஞ்சம்கூடத் தயங்காமல். அவள் பேசிய பழைய ஸ்லோவேனியப் பேச்சு சிரிலை என்னவோ செய்தது. அவன் தாத்தா காலத்தோடு போய்விட்ட சொற்களெல்லாம் கடல் தாண்டிப் போய்ப் பத்திரமாக இருந்து, இந்தப் பெண்ணின் வாயில் திரும்பி வந்திருந்தன. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தனை வருஷம் பயணத்துக்குச் சேர்த்து வைத்தாளாம். வீட்டைத் திருப்பிக் கேட்க வரவில்லை என்றாள் அவளாகவே. வாசலில் ஒரு தடவை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பா சாகுற வரைக்கும் அந்த ஏலத்துல கையத் தூக்கின ஆளத் திட்டிக்கிட்டேதான் இருந்தாரு. பேரச் சொல்லவே மாட்டாரு. அந்த ஆளோட பிள்ளைகளப் பாத்தா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல."

சிரில் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன்தான், பொய் பேசிப் பழக்கமில்லாதவன். ஆனால் அவன் பிறந்த கட்டில், அம்மா கண்ணை மூடிய அறை எல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. அவள் என்ன சொல்வாளோ என்பதைவிட, சொன்ன பிறகு அந்த வீட்டில் தனக்குத் தூக்கம் வருமா என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஊருக்குக் கூட்டிப்போகாமல் தட்டிக்கழிக்க முடியவில்லை. காரில் போகும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டான். எழுபத்தாறில் வந்த நிலநடுக்கத்தில் எத்தனையோ வீடு விழுந்தது, அதில் தெசார் வீடும் ஒன்று என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் வீடில்லாத ஒரு மனையைக் காட்டி, "இங்கதாங்க இருந்துச்சு" என்றான்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில், முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே போய் நின்றாள். வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். சிரில் வாய்க்கு வந்த ஒரு திசையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்க அழுதாள். அவனும் பின்னாலேயே போய் நின்றான். இந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"டேய் தெசாரே!"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "என்ன?" என்று இரண்டு பேர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது. ரொசாரியோவின் ஸ்லோவேனியர் சங்கத்தில் அவள் அப்பாவும் தெசார்தான், அவளும் தெசார்தான். அவளுக்கு அது பிறந்தது முதல் காதில் விழும் பெயர். இந்த ஊரில் தன்னைக் கூப்பிட வேறு பெயரே கிடையாது என்பதைச் சிரில் எப்படியோ மறந்திருந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெபி நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர், மனைக்குச் சொந்தக்காரர். "என் கோஸுப் பாத்திய மிதிச்சுக்கிட்டு என்னடா பண்றே? யாரு இந்தம்மா?"

நெலிதா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிலையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.  சிரில் பெபியைப் பார்த்துத்தான் சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை.

"தெசார் வீட்டுப் பொண்ணு."

பெபி வேலியைப் பிடித்துக்கொண்டு அவளை மேலும் கீழுமாக நெடுநேரம் பார்த்தார். முகத்தில் கேலி போய்விட்டது. பிறகு சிரிலிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீ யாருடா?"

 சிரில் குனிந்து அவள் செருப்பை எடுத்துக்கொண்டான். மேட்டில் ஏற ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போய்த்தான் பின்னால் அவள் வரும் சத்தம் கேட்டது. வெறுங்கால், கல் பாதை. "செருப்பப் போட்டுக்கங்க" என்று நீட்டினான். அவள் வாங்கவில்லை. 

வீட்டின் முன்னால் வந்ததும் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். உள்ளேயிருந்து சூப் கொதிக்கும் வாசனை வந்தது. வாங்க என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் சொல்கிற சொல் அது, வாயில் வரவில்லை. அவளும் படியில் ஏறி, வாசல் கல்லில் காலை வைத்து, அழைக்காத வீட்டுக்குள் நுழைந்து பழக்கமில்லாதவளாக அங்கேயே நின்றாள். கல்லின் குளிரில் அவள் கால் விரல்கள் மடங்கின.

"யாரு வந்திருக்கா? உள்ள வந்து கதவச் சாத்துங்க, குளிருது" என்று தனிலா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவன் கையில் இன்னும் அவள் செருப்பு இருந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்று இருவருக்கும் நடுவே புகுந்து வீட்டுக்குள் போனது.