மூன்று ஏழுகளுக்கு எதிரான போர்

உலகில் இதுவரை சரிந்த பேரரசுகள் எல்லாம் ஒரே காரணத்தால்தான் சரிந்தன என்று ஷென் ருய்ஃபெங் அறிவித்தான்: எங்கோ ஒரு சோம்பேறி எல்லாக் கோப்புகளையும் எல்லாருக்கும் திறந்து விட்டுவிட்டான்.

தைவானின் சின்ச்சு நகரத்துக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கணினித் துறை மாணவர் அறையில் இந்தப் பேருண்மையைக் கேட்க வெய் யாவென் மட்டும்தான் இருந்தாள். அவளும் காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். அன்று மாலை பிரிவு விருந்து. வகுப்பின் நான்கு வருடப் புகைப்படங்களைக் கோத்து அவள் செய்யும் படம் அங்கே ஓடியாக வேண்டும். படங்கள் எல்லாம் துறையின் சர்வரில் இருந்தன. சர்வரின் நிர்வாகி ருய்ஃபெங்.

அவனுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சுவாங் அண்ணன். யார் வந்து "திறக்க மாட்டேங்குது" என்றாலும் அவர் அடிப்பது ஒரே கட்டளை: ஏழு, ஏழு, ஏழு. முதல் ஏழு கோப்பின் உரிமையாளருக்கு, அடுத்தது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது போகிற வருகிற அத்தனை பேருக்கும். ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், தடையே கிடையாது. ருய்ஃபெங் அவருக்கு 'மூவேழு' என்று பெயர் வைத்திருந்தான்.

"மூவேழு வீட்டுக்குக் கதவே வெக்கல. இன்னைக்குக் காலைல நான் வெச்சுட்டேன்," என்றான்.

உண்மையிலேயே வைத்திருந்தான். பொதுச் சொத்து தனிமனிதர் பெயரில் இருக்கக் கூடாதென்று படங்களின் உரிமையை முழுக்க சர்வரின் தலைமைக் கணக்குக்கே மாற்றினான். மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்று மேல் கோப்புறையிலிருந்து கடைசிக் கோப்புவரை ஒரே கட்டளை போட்டான். தேவைக்கு மேல் அதிகாரம் யாரிடமும் இருக்கக் கூடாது என்பது அவனுடைய கொள்கை. நிர்வாகிகள் பட்டியலில் தன் பெயரும் இருப்பதைப் பார்த்து அதையும் நீக்கினான்.

யாவென் இயர்போனைக் கழற்றினாள். "டேய், ஷென். இது என்ன?"

திரையில் கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. அளவு, தேதி, உரிமையாளர் இருக்க வேண்டிய இடங்களில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"பாதுகாப்பு," என்றான் ருய்ஃபெங்.

"யார்கிட்டேருந்து? என்கிட்டேருந்தா?"

அவன் குனிந்து பார்த்தான். காது சிவந்தது. படக் கோப்பிடமிருந்து இயக்கும் உரிமையைப் பறித்தால் ஒன்றும் ஆகாது. கோப்புறைக்கோ அந்த உரிமைதான் வாசல். பறித்தால் உள்ளே போக வழியில்லை. அவன் ஒரே கட்டளையில் இரண்டிடமிருந்தும் பறித்திருந்தான்.

"சரி, திருப்பிக் குடு."

"என்னால முடியாது. நான் இப்போ சாதாரணக் குடிமகன்."

யாவென் அவனையே பார்த்தாள். "கதவு வெக்கிறேன்னு சொல்லிட்டு செவுரு எழுப்பியிருக்க. அதுலயும் நீயே வெளிய நின்னுக்கிட்டு!"

தலைமைக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர் சுவாங் அண்ணன். படிப்பு முடித்துச் சிப் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவர், அப்போது அங்கே தூசி புகாத தூய அறைக்குள் இருந்தார். கைபேசி வெளியே பெட்டியில் கிடந்தது. சாப்பாட்டு இடைவேளைவரை ருய்ஃபெங் அழைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, நான்தான் ருய்ஃபெங்."

"அடடே, காவல்தெய்வமே! சர்வர் சமத்தா ஓடணும்னு அது மேல பச்சை குவாய்குவாய் நொறுக்குத்தீனி பாக்கெட் வெச்சிருந்தேனே, காலாவதி ஆயிடுச்சா பாரு. ஆயிடுச்சுன்னா மெஷின் அடம் புடிக்கும்."

"ஆகலண்ணே. பிரச்சினை நான்தான்."

"அப்போ பாக்கெட்டால ஒண்ணும் பண்ண முடியாதுடா தம்பி." மறுமுனையில் யாரோ சூப் புரையேறி இருமினார்கள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

சிரித்து முடித்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தார். ருய்ஃபெங் வாசல்களைத் திறந்தான். கேள்விக்குறிகள் மறைந்து, முதல் வருடச் சிகையலங்காரங்களும் மலையேற்றத்தில் நனைந்த முகங்களும் வந்து விழுந்தன. அதற்குள் வகுப்பில் பாதி அங்கே கூடியிருந்தது. ஒரே கைதட்டல். யாரோ அவன் கையில் ஒரு பால் தேநீரைத் திணித்தார்கள். அரைச் சர்க்கரை, ஐஸ் கம்மி.

"பாக்க முடியுது. எழுத முடியல," என்றாள் யாவென். "இவங்க எல்லாரும் படத்துக்கு ஆளுக்கு ஒரு வீடியோ துண்டு உள்ள போடணும்."

"முறைப்படி செய்யலாம். வகுப்புக்குன்னு ஒரு குழு அமைச்சு, அதுக்கு மட்டும் எழுதுற உரிமை தரேன். ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க."

மூன்றாவது பெயரிலேயே சண்டை வந்தது. இரண்டாம் வருடத்தில் பொருளாதாரத்துக்குத் தாவிய லியாவ் நம் வகுப்பா, இல்லையா? "ஓட்டப் போட்டியில நமக்காகத்தானே ஓடுனான்!" என்றது ஒரு கூட்டம். "ஓடித்தானே போனான்!" என்றது இன்னொன்று. லியாவே கதவருகில் நின்று தனக்கு எதிராக வாக்களித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், சிரித்தார்கள். யாவென் மேசை மேல் ஏறி நின்று, "மணியப் பாருங்கடா!" என்று கூவினாள்.

எல்லாத் தலைகளும் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பின. ருய்ஃபெங் தேநீரைக் கீழே வைத்தான். திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு, விசை ஒலி எழாதபடி, ஒரே விரலால் தொட்டான்: ஏழு, ஏழு, ஏழு.